நுரைக்காத குப்பி

மார்ச் 4, செவ்வாய்

குப்பிகளை வெளியே எடுத்து வைத்தாயிற்று. இனி அரை மணி நேரம் எனக்கு வேலை இல்லை. குளிர்ப்பெட்டியிலிருந்து வந்த மருந்து அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். குலுக்கக் கூடாது. பிறகு உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். எல்லாம் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது, ஏதோ நான் நேற்று வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் என்பதுபோல. இந்த அரை மணி நேரத்தில்தான் இந்த நோட்டை எழுதுகிறேன்.

கைகளை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும் அறை. ஜன்னல் கிடையாது. கதவைத் திறக்க நான்கு எண் அழுத்த வேண்டும், உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும். வெளியே போவதற்கு எதற்கு எண்? எந்தப் புத்திசாலி யோசித்தானோ.

இன்றைக்கு இரண்டு பேர். எண் 31, ரிடையர் ஆன பஸ் டிரைவர். எண் 32, என் அக்கா.

அவள் என் அக்கா என்பது இங்கே ஒருவருக்கும் தெரியாது. ஊழியர்களின் குடும்பத்தார் இந்தப் புது மருந்து ஆய்வில் சேரக் கூடாது. அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டவள்தான் நான். அக்காவின் அடையாள அட்டையில் இறந்துபோன அத்தானின் பெயரும் அவர் வீட்டு முகவரியும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அது வசதியாகப் போயிற்று. ஊசி போடும்போது அக்கா என்னை "சிஸ்டர்" என்று கூப்பிட்டுவிட்டு, சிரிப்பு வராமலிருக்க உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

இன்னொன்று. உருட்டும்போது 31-இன் குப்பியில் மேலே வெள்ளையாக நுரை கட்டியது. 32-இல் இல்லை. போன மாதமும் இப்படித்தான் இருந்ததோ?

மார்ச் 6, வியாழன்

காலையில் ஆம்லெட்டுக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தேன். கிண்ணம் நிறைய நுரை. கை அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் மருந்து ஒரு புரதம். முதல் நாள் வகுப்பிலேயே பெரிய டாக்டர் சொல்லியிருக்கிறார். முட்டை வெள்ளையும் புரதம். புரதம் நுரைக்கும். தண்ணீர் நுரைக்குமா?

ஆய்வில் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பாதிக்கு மருந்துபோலவே தெரியும் வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எண் ஒட்டிய பெட்டிகள் எங்கிருந்தோ வந்து இறங்கும். ஒருவருக்கும் தெரியாமல் இருந்தால்தான் மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று நியாயமாகத் தெரியும். இதை நானே எத்தனை நோயாளிகளுக்கு விளக்கியிருக்கிறேன்!

இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவுக்குப் போவது தண்ணீர்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்று உள்ளேயிருந்து அக்கா. "சமையலறையிலிருந்து வர வேண்டிய ஆம்லெட், இருபது நிமிடம் தாமதமாக..." ரயில் நிலையத்தில் பதினாறு வருடம் அறிவிப்பாளராக இருந்தவள். 'தாமதமாக' என்பதிலேயே குரல் மூக்குக்குள் போய்விட்டது. வாக்கியத்தை முடிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நரம்பு சொல்வதைத் தசை கேட்காத நோய். காலையில் கொஞ்சம் கேட்கும், மாலையில் சுத்தமாகக் கேட்காது. இமை விழும், வாய் மெல்லாது, குரல் போகும். அதற்கு இருந்த பழைய மாத்திரைகள் அக்காவின் எலும்பை அரித்துவிட்டன. ஒரு முறை வாஷ் பேசினில் சாய்ந்ததற்கே விலா முறிந்தது. அதனால்தான் அவளை ஆய்வுக்குள் நுழைத்தேன். வேறு வழி இருந்ததாக இப்போதும் தோன்றவில்லை.

பிரிவில் ஒரு சோதனை உண்டு. ஒன்றிலிருந்து ஐம்பது வரை சத்தமாக எண்ண வேண்டும். எந்த எண்ணில் குரல் மூக்குக்குப் போகிறதோ அதைக் குறித்துக்கொள்வார்கள். அதை நான் வீட்டிலும் வைக்கிறேன். ஜனவரியில் 30. இன்று 26.

மார்ச் 19, புதன்

பெரிய டாக்டரிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "ஒருத்தருக்கு எது போகுதுன்னு நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா என்ன பண்ணணும் டாக்டர்?"

அவர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "உடனே எங்கிட்ட சொல்லணும். ஆனா ஒண்ணும்மா, நிஜமா தெரிஞ்சவங்களவிட தெரிஞ்சதா நினைச்சுக்கறவங்கதான் ஜாஸ்தி."

எப்படிச் சொல்வேன்? எந்த எண் என்று கேட்பார். 32 என்றால் ஏன் அவளை மட்டும் அவ்வளவு உற்றுப் பார்த்தாய் என்பார். ஒரு நூலை இழுத்தால் புடவையே கையோடு வந்துவிடும். அக்காவை வெளியே அனுப்புவார்கள். வெளியே இந்த மருந்து எந்தக் கடையிலும் இல்லை. சொல்லாமல் இருந்தால் டிசம்பர் வரை தண்ணீர்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளியில் படித்தது. அந்த எறும்பையாவது வேறு யாரோ மாட்டிவிட்டார்கள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

நான்காவது ஊசி. வேண்டுமென்றே இரண்டு குப்பிகளையும் ஒரே அளவு, ஒரே வேகத்தில் உருட்டினேன். 31 நுரைத்தது. 32 நுரைக்கவே இல்லை.

சந்தேகம் இருந்தால் டிரைவரைப் பார்த்தால் போதும். "சிஸ்டர், போன ஊசிக்கு அப்புறம் மாடிப்படி ரெண்டு ரெண்டா ஏறினேன். வீட்டுக்காரி திருடன்னு நினைச்சு கத்திட்டா!" முன்பெல்லாம் அவருக்கு ரோடு இரண்டாகத் தெரியும். "எதுல வேணா போலாம்னு ஒரு தைரியம்" என்பார். இப்போது ஒரே ரோடுதானாம். ஒரே ஒரு முறை பஸ்ஸை டிப்போ வாசல்வரை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

நல்ல மனிதர். அவரைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

22.

ஏப்ரல் 17, வியாழன்

பாலில் ஊறவைத்த ரொட்டிகூடத் தொண்டையில் நின்றுவிட்டது. முதுகில் தட்டித் தட்டி வெளியே எடுத்தேன். இருமல் அடங்கியதும் அக்கா விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அழாதடி. ரயில் போயிருச்சு."

பிறகு நான் கேட்டேன், "உனக்குப் போடறது தண்ணியா இருந்தா என்ன பண்ணுவ?"

"தண்ணின்னு தெரிஞ்சேதான கையெழுத்துப் போட்டேன்? பாதிப் பேருக்குத் தண்ணின்னு நீதான படிச்சுக் காட்டின?"

"அப்ப பரவால்லயா?"

"எவளோ ஒருத்திக்குப் பின்னாடி உதவும்ல. எதுக்கு இப்ப இதக் கேக்குற?"

சும்மாதான் என்றேன். சும்மா கேட்கிறவள் முகமா என்னுடையது?

ஏப்ரல் 29, செவ்வாய்

செய்துவிட்டேன்.

ஒவ்வொரு குப்பியிலும் எண் அச்சடித்த ஒரு லேபிள் வில்லை ஒட்டியிருக்கும். அதில் பாதியைக் கிழித்து அந்த நோயாளியின் தாளில் ஒட்ட வேண்டும். வில்லைகளைச் சரியாகவே ஒட்டினேன். 31-இன் வில்லை 31-இன் தாளில், 32-இன் வில்லை 32-இன் தாளில். மருந்தை மட்டும் மாற்றி எடுத்தேன். தாளைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

நுரை கட்டியதை அக்காவுக்குப் போட்டேன். இன்னொன்றை டிரைவருக்கு. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "உங்க கை ராசியான கை சிஸ்டர்" என்றார்.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே. வேலி பயிரை மேய்ந்துவிட்டு மறுபடியும் வேலிபோலவே நின்றுகொண்டிருக்கிறது. வெளியே வருவதற்கு எண்ணை மூன்று முறை தப்பாக அழுத்தினேன்.

மே 4, ஞாயிறு

31! இருபத்திரண்டிலிருந்து முப்பத்தொன்று. ஐந்தே நாளில்! அக்கா தானாகத் தலை வாரிக்கொண்டாள். "சமையலறைக்குச் சென்றுள்ள தங்கை இரண்டாவது நடைமேடைக்கு வரவும்," முழு வாக்கியம், கடைசிச் சொல் வரைக்கும்.

நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தப்புச் செய்தேன்தான். ஆனால் சரியாகத்தான் செய்தேன்.

மே 27, செவ்வாய்

மறுபடியும். இந்த முறை கதவு எண்ணை ஒரே தடவையில் சரியாக அழுத்தினேன். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

ஆய்வை நடத்தும் கம்பெனியிலிருந்து கண்காணிப்பாளர் வந்தார். காலிக் குப்பிகளை எண்ணினார், வில்லைகளை எண்ணினார், தாள்களைப் புரட்டினார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். எனக்கு அந்த நாற்காலியை விட்டு எழவே பயம். மாலை நான்கு மணிக்குப் பையை மூடிக்கொண்டு பெரிய டாக்டரிடம் சொன்னார், "நான் பாத்ததுல இவங்க ரெக்கார்டுதான் ரொம்ப சுத்தம்."

டாக்டர் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். பிரிவு முழுக்க பிஸ்கட் கொடுத்தார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

ஏழாவது ஊசி. மாற்றிப் போட்டது இது மூன்றாவது முறை.

டிரைவர் சுரத்தே இல்லாமல் வந்தார். "கொஞ்ச நாளா முந்தி மாதிரி இல்ல சிஸ்டர். லேசா ஜுரம் வேற வந்து வந்து போகுது." என் கண்ணைப் பார்த்து இதைச் சொன்னார். நான் அவர் கையில் நரம்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். இந்த ஊசிக்கு நரம்பைத் தேட வேண்டியதே இல்லை, தோலுக்குக் கீழே போடுவதுதான்.

இவருடைய மருந்தைத்தான் திருடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் அவருக்கே போட்டுவிடலாமா? அப்புறம் அக்கா?

ஜூன் 29, ஞாயிறு

27. வெயிலாக இருக்கும்.

ஜூலை 3, வியாழன்

21. வெயிலாம் வெயில். யாரை ஏமாற்றுகிறேன்?

ஜூலை 9, புதன்

ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

காலை ஆறு மணிக்கு அக்கா படுக்கையைத் தட்டிக் கூப்பிட்டாள். குரலே வரவில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. ஆம்புலன்ஸ். தீவிர சிகிச்சைப் பிரிவு. வாயில் குழாய் வைத்து இயந்திரம் மூச்சு விடுகிறது அவளுக்காக.

பெரிய டாக்டர் வேகமாக வந்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். "நீ எதுக்கு உறவுக்காரங்க பெஞ்சுல உக்காந்திருக்க?"

"என் அக்கா டாக்டர்."

"அதை அப்புறம் பேசலாம்," என்று உள்ளே போனார்.

இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒவ்வொரு எண்ணுக்கும் முத்திரை வைத்த ஒரு உறை உண்டு. உள்ளே மருந்தா தண்ணீரா என்று எழுதியிருக்கும். உயிர் ஊசலாடும்போது மட்டும்தான் பிரிக்கலாம். பிரித்தார்கள். அவர் வெளியே வந்து தீவிர சிகிச்சை டாக்டரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது:

"இவங்களுக்குப் போயிட்டிருக்கறது மருந்துதான். ஏழு டோஸ் உள்ள இருக்கு. அதனால இந்த மாதிரி அவசரத்துக்குக் கொடுக்கற வேகமான மருந்தைத் தொடவே முடியாது. ரெண்டும் சேர்ந்தா உடம்புல எதிர்ப்பு சுத்தமா போயிரும், கிருமி தின்னுரும். மத்ததை வெச்சு சமாளிக்கலாம்."

மருந்துதான்.

அக்காவுக்கு வந்த குப்பிகளில்தான் மருந்து இருந்தது. நுரைக்காத குப்பிகளில். நாலு மாசமா ஒழுங்கா மருந்து போயிட்டிருந்திருக்கு, நான்தான் — நான் என் கையாலயே அதை எடுத்து இன்னொருத்தருக்குப் போட்டுட்டு — மூணு மாசமா அவளுக்குத் தண்ணிய — கடவுளே.

அக்கா எண்ணிய அந்த முப்பத்தொன்று? அது முதல் நான்கு ஊசி வேலை செய்ய ஆரம்பித்ததுதான். நான் கொண்டாடினேன்.

பெஞ்சிலிருந்து எழுந்தேன். பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ரெக்கார்டு ரொம்ப சுத்தம். பேசாமல் இருந்தால் அந்த வேகமான மருந்தை அக்காவுக்குக் கொடுக்கமாட்டார்கள்.

"டாக்டர், மருந்து அவ உடம்புல இல்ல. ஏப்ரல் ஒண்ணாந் தேதிக்கு அப்புறம் அவளுக்கு மருந்தே போகல."

"என்ன உளறற?"

"நான் மாத்திட்டேன். முப்பத்தொண்ணோட."

திட்டுவார், அறைவார் என்று நினைத்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். "எத்தனை தடவை? தேதி சொல்லு. தப்பில்லாம சொல்லு."

மூன்று தேதிகளையும் சொன்னேன். கையில் எழுதிக்கொண்டார், தாளில்கூட இல்லை, உள்ளங்கையில். உள்ளே ஓடினார்.

ஜூலை 12, சனி

வேகமான மருந்தைக் கொடுத்தார்கள். இன்று காலை குழாயை எடுத்தாயிற்று. தானாக மூச்சு விடுகிறாள்.

ஜூலை 17, வியாழன்

விசாரணை. ஐந்து பேர், நீள மேஜை, எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் நான் ஒன்று கேட்டேன்: ஏன் நுரைத்தது?

மருந்தகத்துக்காரர் சொன்னார். மருந்து நுரைத்தால் கெட்டுவிடும், அதனால் நுரையை அடக்க அதில் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். தண்ணீருக்கு மருந்தின் லேசான மஞ்சள் வர வேண்டுமென்று வேறொன்றைச் சேர்த்தார்கள். நுரைத்தது அதுதான். "அது எங்க தப்பு, அப்படி வித்தியாசம் தெரிஞ்சிருக்கக் கூடாது," என்றார். "ஆனா நீங்க அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா அன்னிக்கே சரி பண்ணியிருப்போம்."

கண்ணால் காண்பதும் பொய் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கண் அப்படி ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்குத்தானே அத்தனை உறையும் எண்ணும் வில்லையும்? அதற்குத்தானே எனக்குச் சம்பளம்?

வேலை போய்விட்டது. அது எனக்கு ஒன்றுமாகவே தோன்றவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

டிரைவருக்குப் பரிசோதனை எல்லாம் முடித்தார்கள். ஜுரம் மருந்தால் வந்ததாம், நின்றுவிடும் என்கிறார்கள். மன்னிப்புக் கேட்க வாசலில் காத்திருந்தேன்.

"அப்ப நான் மாடி ஏறினது தண்ணியிலயா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிடுமோ என்று இருந்தது. பிறகு அவர் சிரிப்பு நின்றது. சட்டைக் கையை, மடிக்காமலே, கீழே இழுத்து விட்டுக்கொண்டார்.

"என் உடம்பும்மா இது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

இந்த முறை சிஸ்டர் என்று கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு யார் வாயாலும் அவள் கேட்டுவிடக் கூடாது.

"எத்தனை மாசம்?"

"மூணு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நான் எழுந்தபோது சொன்னாள்: "எங்கிட்ட கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரியும். அதனாலதான் நீ கேக்கல."

ஆகஸ்ட் 20, புதன்

சாப்பாடு, மாத்திரை, தண்ணீர். இந்த மூன்று சொற்கள்தான் எங்களுக்குள். நடைமேடை அறிவிப்பு ஒன்றும் இல்லை. ஆய்விலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். மறுபடியும் அதே பழைய மாத்திரைகள், எலும்பை அரிக்கும் மாத்திரைகள். நான்தான் எண்ணிக் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறாள். இந்த வீட்டிலிருந்து வெளியே போக எந்த எண்ணையும் அழுத்த வேண்டியதில்லை. ஆனால் நான் எங்கே போவேன்? அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?

ஜூன் 9, செவ்வாய்

இந்த நோட்டைத் தொட்டுப் பத்து மாதம் ஆகிறது. ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். குப்பி எதையும் தொடுவதில்லை.

இன்று அக்கா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. ஆய்வு முடிந்துவிட்டது, பங்கெடுத்த எல்லோருக்கும் முடிவைத் தெரிவிக்கிறார்கள். நீக்கப்பட்டவளுக்கு அனுப்ப வேண்டியதில்லை. பெரிய டாக்டர் அனுப்பியிருக்கிறார்.

அக்கா என்னை உட்காரச் சொன்னாள். எழுந்து நின்று, பழைய அறிவிப்பாளர் குரலில் வாசித்தாள். எத்தனை நாள் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு! "இந்த மருந்து பாதுகாப்பானது என்றும் பயனுள்ளது என்றும் தெரியவந்துள்ளது. மருந்து பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நல்ல முன்னேற்றம் காணப்பட்டது. ஐந்தாவது ஊசியிலிருந்தே இந்த முன்னேற்றம் நிலைபெற்றது. ஆய்வை முழுமையாக முடித்தவர்களுக்கு மருந்து தொடர்ந்து..."

'தொடர்ந்து' என்பதில் குரல் மூக்குக்குப் போனது. இரண்டு முறை முயன்றாள். பிறகு கடிதத்தை என்னிடம் நீட்டினாள்.

"மீதிய நீ படி."

வாங்கிப் பார்த்தேன். வழங்கப்படும் என்று அந்த வாக்கியம் முடிந்தது. அதற்குக் கீழே இன்னும் ஒரே ஒரு வரி. மனதுக்குள் படித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"சத்தமா," என்றாள் அக்கா.

"விதிமீறல் காரணமாக இரண்டு பேரின் விவரங்கள் இந்த முடிவில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை."

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, வந்த மடிப்பிலேயே மடித்து, மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள். மாலை மாத்திரைக்குக் கையை நீட்டினாள். எண்ணிக் கொடுத்தேன்.